தகடு கரைந்த சனிக்கிழமை

போன வாரம் எங்கள் அபிராமபுரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் திரும்பிப் போகும்போது, கேட்டில் வாட்ச்மேன் அவர்களுடைய பையைத் திறந்து பார்ப்பாராம். எல்லோரும் ஒத்துழைக்க வேண்டுமாம். மூன்றாவது மாடியில் யாருக்கோ ஒரு தோட்டைக் காணவில்லை. அடுத்த பத்து நிமிஷத்துக்குக் கட்டைவிரல்களும் கும்பிடும் கைகளுமாக வந்து விழுந்தன. நான் மட்டும் "இது அசிங்கம்" என்று எழுதினேன். சங்கச் செயலாளர் உடனே போனில் வந்து, "நீங்க ஏன் மேடம் எமோஷனல் ஆகறீங்க, உங்க பையையா பார்க்கப் போறாங்க?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

அன்றைக்கென்று பார்த்து மாடிப்படியின் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் அந்த நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. மற்றவர்களுக்கு அது பாத்ரூம் வாடை. எனக்கு அது என்னுடைய முதல் வேலையின் வாடை. இரண்டு வருஷம் தினமும் அந்த அமிலத்தைத்தான் அளந்து ஊற்றினேன். துப்பட்டாவில் ஓட்டை விழாத வாரம் கிடையாது. அம்மா ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகிற பெண்ணுக்கு இப்படி ஒரு உத்தியோகமா என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வேலை தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று பெயர். பறக்கும் ரயில் அப்போதுதான் அந்தப் பக்கம் வந்திருந்தது. மயிலாப்பூரில் ஏறினால் பெட்டிக்கு நாலு பேர் இருப்பார்கள். ஸ்டேஷன்கள் எல்லாம் யாரோ கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாதிரி, புறாக்களுக்கென்றே நின்றன. நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விஞ்ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் செய்தது தங்கத்தைக் கரைக்கிற வேலை. கிண்டல் இல்லை. பழைய கம்ப்யூட்டர் பலகைகளில் மெல்லிசாகத் தங்கம் பூசியிருப்பார்கள். அதை சயனைடு இல்லாமல் எப்படி மீட்டெடுப்பது என்று பார்ப்பதுதான் திட்டம். உப்பு அமிலத்தில் ஒரு தங்கத் தகட்டைத் தொங்கவிட்டு அதில் மின்சாரத்தின் நேர்முனையை மாட்ட வேண்டும். எதிரே ஒரு கரிக்குச்சி. மின்னழுத்தத்தைச் சரியாகப் பிடித்து வைத்தால் தங்கம் சத்தம் போடாமல் கரையும், தண்ணீர் மஞ்சளாகும். அளவுக்கு மேல் ஏற்றினால் முரண்டு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு கரைய மாட்டேன் என்று நிற்கும். நீச்சல் குளத்து வாடையாக குளோரின் கிளம்பும். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கரைந்த தங்கத்தில் ஒரு பங்கு எதிரே உள்ள கரிக்குச்சியில் போய் ஒட்டும். அதைப் பார்த்தால் யாரும் தங்கம் என்று சொல்ல மாட்டார்கள். காபி ஃபில்டரின் அடியில் தங்குகிற வண்டல் மாதிரி பழுப்பாக, அழுக்காக இருக்கும்.

தகடு தபால் தலை அளவுதான், எடை ஒரு கிராமுக்குச் சற்று மேலே. அதைப் பிளாட்டினக் கம்பியின் நுனியில் ஒட்டவைத்து முழுக்க அமிலத்துக்குள் முக்குவோம். வேலை முடிந்ததும் எடுத்துக் கழுவி, எடை போட்டு, எங்கள் சாருடைய மேஜை டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டும். சார் என்றால் அந்த ஆய்வகத்தின் தலைவர். வெளிநாட்டில் படித்தவர், மெதுவாகப் பேசுவார், யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். நல்லவர் என்று ஆரம்பத்தில் நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கிறவர் மல்லிகா. நாற்பது வயது இருக்கும். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். வீடு கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே, அடையாற்றின் கரையில். நான் வரும் ரயிலில் கோட்டூர்புரத்தில் ஏறுவார். காலியான பெட்டியில் எனக்கு எதிரே உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டே வருவார். உட்காருங்கள் என்று பத்து தடவையாவது சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மேடம், எறங்கிக்கினு நடக்கப் போறேன், கால் மரத்துக்கும்" என்பார். மகள் ஒன்பதாவது படித்தாள். அவளுக்குக் கணக்கு வரவில்லை என்பதுதான் அவருடைய பெரிய கவலை. ஒருநாள் என் பீக்கரைக் காட்டி, "இந்த மஞ்சத் தண்ணி இன்னா மேடம்?" என்று கேட்டார். "ஆசிட். கிட்டயே போகாதீங்க" என்றேன். அதில் தங்கம் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அப்போது ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பேன். உண்மைக் காரணம் உங்களுக்கே தெரியும். என் குடியிருப்புக்காரர்களுக்கு இருக்கிற அதே புத்திதான்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மிஷின் ஒன்றே ஒன்று, ஆட்கள் நாலு பேர். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர், முந்தின ஆள் மேஜையில் விட்டுப் போனதைக் கழிவுக் கேனில் கொட்டி, கழுவிக் கவிழ்த்துவிட்டு மிஷினைப் பிடித்துக்கொள்ளலாம். தகட்டை எப்படியும் முந்தின நாளே எடுத்துப் பூட்டியிருப்போம் என்பதால் கொட்டுகிறவர் எதையும் பார்க்க மாட்டார், யாரையும் கேட்கவும் மாட்டார்.

அந்த வருஷம் கபாலி கோயில் அறுபத்து மூவர் திருவிழா வெள்ளிக்கிழமை வந்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று மத்தியானத்துக்குள் மாட வீதிகளை அடைத்துவிடுவார்கள், அதன் பிறகு சொந்த வீட்டுக்குப் போவதற்கே கெஞ்ச வேண்டும். நான் இரண்டு மணிக்கு மூட்டை கட்டினேன். அவசரத்தில் கம்ப்யூட்டரின் மானிட்டரை அணைத்தேன். திரை இருண்டதும் எல்லாம் அணைந்ததாக என் புத்தி எடுத்துக்கொண்டது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தகடு அமிலத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தெற்கு மாட வீதியில் தெரிந்தவர் தெரியாதவர் கொடுத்த நீர்மோரை எல்லாம் குடித்துவிட்டு, சுண்டலையும் வாங்கித் தின்றுவிட்டு, வயிற்று வலியோடு சனி ஞாயிறு படுத்துக் கிடந்தேன்.

திங்கள்கிழமை நான் போவதற்குள் என் பீக்கர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. டிராயரில் தகடு இல்லை. அன்று முதலில் வந்தவன் ரகு. ஆய்வகத்தில் மூத்தவன், பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருந்தவன். "நான் பாக்கும்போது வெறும் கம்பிதான் தொங்கிச்சு. நீ தகட்டை எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றான். சாரிடம் போய், வெள்ளிக்கிழமை தகட்டை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. மிஷினை அணைத்துவிட்டேனா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சனிக்கிழமை உள்ள வந்தது யார்?"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தரை துடைக்க வந்தவர் மல்லிகா. செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து இருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. செக்யூரிட்டி ஆபீசர், காண்ட்ராக்டரின் ஆள், சார், ரகு, நான், வேடிக்கை பார்க்கப் பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள். மல்லிகாவின் ஒயர்க் கூடையைப் பிரித்து எங்கள் எடை மேஜை மேலேயே கொட்டினார்கள். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, ரயில் சீசன் டிக்கெட், மகளுடைய கணக்கு வினாத்தாள் ஒன்று. அதில் முப்பத்தெட்டு மார்க்.

"நான் இன்னாத்துக்கு சார் அத்த எட்க்கப் போறேன்? அது தங்கம்னே எனுக்குத் தெரியாது. அது ஆசிட்டு, கிட்டயே போகாதன்னு இந்த மேடம்தான் சொல்லிக்கீது. கேளு சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைப் பார்த்தேன். இதை எழுதுவதற்கு இத்தனை வருஷம் எடுத்ததற்குக் காரணம் அந்த ஒரு நிமிஷம்தான். பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று எழுதிவிட்டால் கௌரவமாக இருக்கும். அது பொய். அந்த நிமிஷத்தில் எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒருவேளை எடுத்திருப்பாரோ என்று நானும் நினைத்தேன். தினம் எதிரே நின்று மகளின் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த பெண்ணைப் பற்றி, தகட்டைத் தொங்கவிட்டு மோர் குடிக்கப் போன நான் அப்படி நினைத்தேன். மல்லிகாவை அன்றே நிறுத்திவிட்டார்கள். போலீசுக்குப் போகாததே பெரிய தயவு என்று சார் சொன்னார்.

புதன்கிழமை என் பழைய அளவுகளை எடுத்துப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக் கோப்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. திறந்தால், மின்னோட்டத்தின் கோடு வெள்ளி மத்தியானம் தொடங்கி சனிக்கிழமை விடியற்காலை வரை போய், நாலு மணி வாக்கில் மளமளவென்று இறங்கித் தரையில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு திங்கள் காலை ரகு நிறுத்தும் வரை ஒன்றுமில்லை. கரைக்கத் தங்கம் இருந்தால்தானே ஓட்டம் இருக்கும். எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று தெரிந்தால் எவ்வளவு தங்கம் கரைந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம், காலேஜ் பாடம்தான். போட்டேன். தகட்டின் எடை வந்தது. மல்லிகா சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் கதவைத் திறந்தபோது தகடு என்று ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை.

அச்செடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை, அதுதான் என் கோபமே. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"ஓடின கரண்ட் பூரா தங்கத்துக்குத்தான் போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? குளோரின் கூட வந்திருக்கலாமே. இது ப்ரூஃப் இல்லம்மா."

"கழிவுக் கேன்ல இருந்து தங்கத்தை மீட்டுக் காட்டறேன் சார்."

"காட்டுங்க."

இரண்டு நாள் அந்தக் கேனோடு மல்லுக்கு நின்றேன். இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினால் கரைந்த தங்கம் பழுப்புத் தூளாகக் கீழே இறங்கும். வடிகட்டி, கழுவி, சூடு காட்டியதும் அது மஞ்சளாகப் பளிச்சென்று வந்தபோது நான் அழுதுவிட்டேன். எடை போட்டேன். தகட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

"மீதி எங்கே?" என்றார் சார்.

மீதி எங்கே என்று ரகு எனக்கு கேன்டீனில் வைத்துச் சொன்னான், தக்காளி சாதத்தைக் கிளறிக்கொண்டே. கரிக்குச்சி முழுக்கக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்ததாம். டிஷ்யூ காகிதத்தால் வழித்துத் துடைத்துக் குப்பைக் கூடையில் போட்டானாம். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததையும் அவன்தான் பார்த்து நிறுத்தினான். "இத சார்கிட்ட சொல்லு ரகு" என்றேன். "தீசிஸ் அவர் டேபிள்ல இருக்கு, புரிஞ்சுக்கோ" என்றான். புரிந்தது. அந்தக் குப்பைக் கூடையைத் திங்கள் காலை எடுத்துப் போய் வெளியே கொட்டியது யார் என்பதும் புரிந்தது. தங்கம் உண்மையிலேயே மல்லிகாவின் கையால்தான் வெளியே போயிருக்கிறது, அழுக்குக் காகிதமாக. அதை வாயைத் திறந்து சொன்னால் அவர்கள் எதை மட்டும் காதில் வாங்குவார்கள் என்றும் தெரிந்தது.

ஆனாலும் சாரிடம் மறுபடி போனேன். டிஷ்யூ விஷயத்தையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த மாதம் திட்டத்தைப் பரிசீலிக்கக் குழு வருகிறது, மிஷினை ஆள் இல்லாமல் ஓடவிட்டுத் தங்கத்தைத் தொலைத்தோம் என்று எழுதித் தர முடியுமா என்றார். பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னார்: "விட்டுடுங்கம்மா. காண்ட்ராக்ட் ஆள்தானே, வேற எடத்துல வேலை கெடச்சுடும். உங்களுக்கு எதிர்காலம் இருக்கு."

வீட்டில் சொன்னேன். இயக்குநரிடமே போகப் போகிறேன் என்று குதித்தேன். அம்மா கொதிக்கிற ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, "நோக்கெதுக்குடி இந்த வம்பெல்லாம்? சர்டிஃபிகேட் கைக்கு வர வரைக்கும் வாயை மூடிண்டு இரு" என்றாள். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அத்தனை சீக்கிரம் அடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவைத் தேடிப் போனேன். பாலத்தின் பக்கவாட்டுப் படியில் இறங்கினால் தண்ணீர் லாரி நிற்கும் இடம். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதற்குப் பின்னால் நீலக் கதவு போட்ட வீடு. வாசலில் மகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மல்லிகா என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் நின்றபடியே மானிட்டர், மின்னோட்டக் கோடு, விடியற்காலை நாலு மணி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"இத்த என்னாண்ட வந்து சொல்றியே, அங்க சொன்னியா?"

"சொன்னேன். சார் கேக்க மாட்டேங்கறார்."

"எல்லார் முன்னாடி கேட்டேனே, அப்ப சொன்னியா?"

நான் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தக் காண்ட்ராக்டரு எங்க போனாலும் கை நீளம்னு சொல்லிக்கினு கீறான். ரெண்டு வூட்ல வேலை போச்சு. எம்பொண்ண பசங்க தங்கம் தங்கம்னு கூப்புட்றானுங்க. நீ ஒண்ணு செய்யி. மல்லிகா எட்க்கல, நாந்தான் மறந்துட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு. எனுக்கு வேற எதுவும் வேணாம்."

ஒரு பேப்பர். என் கைப்பையில் நோட்டு இருந்தது, பேனா இருந்தது. அங்கேயே எழுதியிருக்கலாம். "லெட்டர்ஹெட்ல, சார் கையெழுத்தோட வாங்கிட்டு வரேன், அப்பதான் மதிப்பு" என்று சொன்னேன். நான் எவ்வளவு படித்த கோழை என்று பாருங்கள். மறுப்பதைக்கூட உதவி மாதிரி சொல்லத் தெரிந்திருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வாங்கிக்கினு வா" என்றார்.

நான் அங்கே இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சர்டிஃபிகேட் வாங்கினேன். அதில் என் நடத்தை மிக நன்று என்று எழுதியிருந்தது. கல்யாணம், குழந்தை, பெங்களூர், திரும்பவும் சென்னை. காகிதத்தை எழுதினேன், உண்மையாகவே எழுதினேன், லெட்டர்ஹெட் இல்லாமல், வெறும் வெள்ளைத்தாளில், மின்னோட்டக் கோட்டின் அச்சையும் பின் செய்து. பெரிய வெள்ளம் வந்து போனதற்கு மறு வருஷம் அதை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்துப் படியில் இறங்கியபோது கீழே ஊரே இல்லை. மரம் இல்லை. லாரி நிற்கும் இடத்தில் கம்பி வேலி போட்டுச் செடி நட்டிருந்தார்கள். காலை நடைக்கு வந்த ஒருவர், "அவங்களையெல்லாம் வெளியில ஷிஃப்ட் பண்ணிட்டாங்க, இப்ப க்ளீனா இருக்கு பாருங்க" என்றார். அவரை ஆற்றில் தள்ளியிருக்க வேண்டும்.

விசாரித்துக்கொண்டு ஊருக்கு வெளியே அவர்களைக் குடிவைத்த அடுக்குமாடிகளுக்குப் போனேன். ஒரே மாதிரிக் கட்டடங்கள், எண் மட்டும் மாறும். மல்லிகா என்றால் பிளாக்குக்கு மூன்று பேர் இருந்தார்கள். குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம், பாலத்துக்குக் கீழே, தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால், நீலக் கதவு வீடு என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நான் சொன்னதில் ஒன்றுகூட இப்போது பூமியில் இல்லை. அவள் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"தங்கத்த எட்த்துக்கினு மாட்னுச்சே, அந்த மல்லிகாவா?"

"எடுக்கலை. அவங்க எடுக்கவே இல்லை. நான்தான் மிஷினை அணைக்க மறந்துட்டேன். அது தண்ணியிலயே கரைஞ்சு போச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"தங்கம் எங்கனா தண்ணியில கரையுமாம்மா?" என்றாள். "அந்த மல்லிகா இங்க வர்ல. பொண்ணைக் கூட்டிக்கினு எங்கியோ போய்ட்ச்சு. எங்கன்னு யாருக்கும் தெரியாது."

காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.